குழந்தை என்.ஐ.சி.யூ.வில் இருக்கும்போது குடும்பத்துக்கு நிஜமாகவே உதவியது எது? அனுபவம் உள்ளவர்கள் பகிருங்கள்

தொடங்கி வைப்பவர் (குடும்ப ஆதரவுத் தன்னார்வலர்)

பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவான என்.ஐ.சி.யூ.வில் குழந்தையை வைத்துக்கொண்டு வெளியே காத்திருக்கும் பெற்றோருக்குத் துணையாக இருப்பதுதான் என் தன்னார்வப் பணி. நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. என் மகளும் குறைமாதத்தில் பிறந்து அப்படியொரு பிரிவில் இருந்து வீட்டுக்கு வந்தவள், அவ்வளவுதான் என் தகுதி. புதிதாக இந்தப் பணிக்கு வருகிற பிள்ளைகள் எல்லாரும் கேட்கிற கேள்வி, "அவங்ககிட்ட என்னக்கா சொல்றது?" ஆறுதல் வார்த்தை தேடுவதை விட்டுவிடுங்கள் என்பேன். அந்த அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தன் குழந்தைக்காகத் தன் கையால் செய்ய ஏதாவது ஒன்று கிடைத்துவிட்டால், அதற்குப் பிறகுதான் அவர்களுக்கு மூச்சே சீராகிறது.

ஒன்று சொல்கிறேன். சிசேரியன் முடிந்த மறுநாள் ஒரு பெண்ணைச் சக்கர நாற்காலியில் உள்ளே கூட்டிப்போனோம். இன்குபேட்டர் பக்கத்தில் நிறுத்தியதும் அவர் குழந்தையைப் பார்க்கவே இல்லை, மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவு 91, 89, 92 என்று மாற மாற அவர் உதடு நடுங்கியது. பணியில் இருந்த சிஸ்டர் மானிட்டரைச் சற்று அந்தப் பக்கம் திருப்பிவிட்டு, "கையைக் கழுவிட்டீங்கல்ல, வாங்க" என்று இன்குபேட்டரின் சின்ன ஜன்னலைத் திறந்தார். "தடவிக் கொடுக்காதீங்க. குறைமாசப் பிள்ளைக்குத் தடவினா கூசும், களைச்சுப்போகும். ஒரு கையைத் தலைக்கு மேல குவிச்சு வைங்க. இன்னொரு கையால ரெண்டு காலையும் மடக்கிச் சேர்த்துப் பிடிங்க. அழுத்தாம அப்படியே இருங்க." அந்த அம்மா பிடித்தார். விறைத்து விரிந்திருந்த விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டன. அப்போதுதான் அவர் முதன்முதலாகக் குழந்தையின் முகத்தைப் பார்த்தார். "இவனுக்கு எங்கப்பா காது" என்றார்.

உங்களுக்கு எது உதவியது, எது வேண்டாததாக இருந்தது என்று எழுதுங்கள். பெயர், ஆஸ்பத்திரி எதுவும் வேண்டாம்.

இருபத்தொன்பதாவது வாரத்தில் பிரசவித்த ஓர் அம்மா

எனக்குப் பால்தான் எல்லாம். மகள் வயிற்றில் போய்ச் சேர்ந்தது குழாய் வழியாகத்தான். ஆனாலும் அது என் பால் என்கிற ஒன்றுதான் என்னை ஓட்டியது.

முதல் நாள் கையால் பீய்ச்சியபோது சிரிஞ்சின் அடியில் மஞ்சளாக ஒட்டிக்கொள்ளும் அளவுக்குத்தான் சீம்பால் வந்தது. பார்க்க வந்தவர்கள் "இவ்வளவுதானா? பால் வரலையா?" என்றார்கள். நான் அதை எடுத்துக்கொண்டு போய் வெட்கத்தோடு நீட்டினேன். அந்த சிஸ்டர் அதை மருந்துபோல வாங்கி, பெயரும் நேரமும் எழுதி ஒட்டி, பஞ்சில் தொட்டுக் குழந்தையின் கன்னத்துக்குள் தடவினார். "இந்தச் சொட்டுல இருக்கிற எதிர்ப்புச் சக்திய நாங்க எந்த மருந்துலயும் கொடுக்க முடியாதும்மா" என்றார். குறைமாதக் குழந்தைகளுக்குக் குடல் அழுகும் ஒரு கொடிய நோய் வரும் என்பதும், தாய்ப்பால் அந்த ஆபத்தைக் குறைக்கும் என்பதும் எனக்கு அப்புறம்தான் தெரியும்.

பால் கூட வேண்டுமென்றால் பிரசவம் ஆன சில மணி நேரத்திலேயே தொடங்கி, இரவும் சேர்த்து ஒரு நாளைக்கு எட்டு முறையாவது எடுக்க வேண்டும். குழந்தை பக்கத்தில் இல்லாமல் நடுராத்திரி எழுந்து பம்ப்பை வைத்துக்கொண்டு உட்காருவது எவ்வளவு கொடுமை என்று அனுபவித்தவருக்குத் தெரியும். என் அக்கா வந்து தங்கினாள். தத்துவம் ஒன்றும் பேசவில்லை. அலாரம் வைத்து என்னை எழுப்புவாள், பம்ப் பாகங்களைக் கழுவிக் கொதிக்க வைத்து எடுத்து வைப்பாள், போய்ப் படுப்பாள். ஒரு குடும்பத்துக்கு உதவ நினைக்கிறவர்கள் இப்படி ஒரு வேலையைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. எல்லாருக்கும் பால் கூடிவிடாது. அப்படிப்பட்டவர்களுக்குத் தாய்ப்பால் வங்கியிலிருந்து பால் கிடைக்கலாம், அதைக் கேட்பதில் எந்தக் குறையும் இல்லை. "நீ சரியா முயற்சி பண்ணல" என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

ஓர் அப்பா

அப்பாக்களைப் பற்றி யாரும் எழுதலையேன்னு நானே எழுதறேன்.

மனைவி ஒரு மாடியில, பையன் இன்னொரு மாடியில. ரெண்டு பக்கமும் ஓடணும், ரெண்டு பேர்கிட்டயும் தைரியமா இருக்கற மாதிரி முகத்த வச்சுக்கணும். இதுக்கு நடுவுல போன் அடிச்சுக்கிட்டே இருக்கும். "வெயிட் எவ்ளோ? ஏறிடுச்சா? எப்ப வீட்டுக்கு?" பிறந்த குழந்தைக்கு முதல் சில நாள் எடை குறையத்தான் செய்யும், குறைமாசக் குழந்தை பழைய எடைக்குத் திரும்பவே ரெண்டு வாரம்கூட ஆகும். இத ஒவ்வொருத்தருக்கும் விளக்கி, அவங்க பதற, நான் அவங்களத் தேத்த வேண்டி வந்துச்சு.

என் நண்பன் ஒருத்தன் போனை வாங்கிட்டான். "இனிமே நீ எனக்கு மட்டும் சொல்லு, மத்தவங்களுக்கு நான் சொல்லிக்கறேன்"னான். தினமும் ராத்திரி ஒரே ஒரு செய்தி அவன்கிட்டேர்ந்து எல்லாருக்கும் போகும், கடைசி வரி எப்பவும் "பதில் போட வேண்டாம், வேண்டிக்கொள்ளுங்கள்". இதைவிடப் பெரிய உதவி எனக்கு யாரும் செய்யல.

"எப்ப வீட்டுக்கு?"ன்னு கேக்கறவங்களுக்கு: தேதி டாக்டருக்கும் தெரியாது. குழந்தை தானா மூச்சு விடணும், மூச்சு நின்னுபோற தொந்தரவு விட்டிருக்கணும், உடம்புச் சூட்டத் தானே காப்பாத்திக்கணும், உறிஞ்சிக் குடிக்கணும், எடை ஏறணும். இதெல்லாம் கூடி வந்தாத்தான் அனுப்புவாங்க.

சட்டையக் கழட்டிட்டுப் பையன நெஞ்சுல போட்டுக்கோங்கன்னு அவங்க சொன்ன நாள்தான் நான் அப்பா ஆன நாள். அதுவரைக்கும் கையெழுத்துப் போடற ஆளாத்தான் இருந்தேன்.

என்.ஐ.சி.யூ. செவிலியர்

மேலே அந்த அப்பா எழுதியதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

"பெற்றோர் வெறும் பார்வையாளர்கள் அல்ல" என்று எங்கள் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். ஆனால் பல இடங்களில் இன்றும் நாளைக்கு ஒருமுறை, கண்ணாடி வழியாக, சில நிமிடம் என்றுதான் காட்டுகிறார்கள். தொற்று வந்துவிடும் என்பதுதான் காரணமாகச் சொல்லப்படும். முழங்கை வரை ஒழுங்காகக் கழுவிய அம்மாவின் கையை வெளியே நிறுத்துவதில் எனக்கு உடன்பாடே இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் பிரிவும் அப்படித்தான் இருந்தது. கதவைத் திறந்துவிட்ட பிறகு எங்கள் வேலை கூடவில்லை, குறைந்தது. முகம் வெளிறுவதையும் வயிறு உப்புவதையும் பல நேரம் எங்களுக்கு முன்பே கவனித்துச் சொல்கிறவர்கள் அம்மாக்கள்தான்.

குழந்தையை இப்படி நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொள்ளும் கங்காரு பராமரிப்பு எப்படி வந்தது என்று பெற்றோருக்கு நான் சொல்வதுண்டு. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் ஒரு பெரிய மகப்பேறு மருத்துவமனை. இன்குபேட்டர் போதாது, ஒன்றிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள். தொற்று வேறு. அங்கிருந்த டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா குழந்தைகளைத் தாயின் மார்பிலேயே, தோலோடு தோல் ஒட்ட, நிமிர்த்தி வைத்துக் கட்டச் செய்தார். இயந்திரம் இல்லாத இடத்துக்கான மாற்று வழி என்றுதான் பலர் நினைத்தார்கள். 2021-இல் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு வெளியானது. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையில் பிறந்த குழந்தைகள். உடல் நிலைப்படும் வரை காத்திருக்காமல் பிறந்த உடனேயே தாயின் மார்பில் வைத்தபோது, முதல் 28 நாளில் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அதற்காக அம்மாவின் கட்டிலையே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போட்டார்கள். 2022-இல் உலகச் சுகாதார நிறுவனமும் பிறந்ததிலிருந்தே தொடங்குங்கள், ஒரு நாளில் 8 மணி முதல் 24 மணி வரை எவ்வளவு முடியுமோ அவ்வளவு நேரம் என்று பரிந்துரைத்தது.

ஆகவே ஓர் அம்மா "நான் சும்மாதானே உட்கார்ந்திருக்கேன் சிஸ்டர்" என்றால் நான் விடமாட்டேன். நீங்கள் சும்மா இல்லை. உங்கள் நெஞ்சில் அவன் இருக்கும்போது சூடு நிற்கிறது, மூச்சு சீராகிறது, பால் ஊறுகிறது. இது சிகிச்சை.

உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். "எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லாதீர்கள். நாங்களே அப்படிச் சொல்வதில்லை. "இன்னிக்குச் சிஸ்டர் என்ன சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டுப் பொறுமையாகக் கேளுங்கள். குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தால் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அலாரம் அடித்தால் பதறாதீர்கள் என்று சொல்வது எளிது, அதைவிட அது ஏன் அடிக்கிறது என்று எங்களிடம் கேட்கச் சொல்லுங்கள். குழந்தை காலை உதைத்து, அதில் கட்டியிருக்கும் ஆக்ஸிமீட்டர் (ஆக்ஸிஜன் அளக்கும் கருவி) நழுவினாலும் அடிக்கும். ஒவ்வொரு சத்தத்துக்கும் அர்த்தம் புரிந்த பெற்றோரிடம் பாதி பயம் போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்

எங்கள் மகன் வீட்டுக்கு வரவில்லை.

கடைசி நாளில் அவர்கள் குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, முழுசாக என் மடியில் கொடுத்தார்கள். அதற்கு முன் அவன் முகத்தை ஒட்டுத் துணி இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. பாதத்தில் மை தொட்டு அட்டையில் பதித்துத் தந்தார்கள். அவசரப்படுத்தவில்லை. அந்த நேரம் கிடைத்ததால்தான் இன்றைக்கு இதை எழுத முடிகிறது.

"சின்ன வயசுதானே, அடுத்தது பொறக்கும்" என்றார்கள் வெளியில். அதை மட்டும் சொல்லாதீர்கள். அவன் பெயர் தெரிந்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். நான் அழுவேன்தான், பரவாயில்லை.

ஒரு சித்தி

நான் ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லை. வீட்டில் மூத்தவன் இருந்தான், அவனை நான் பார்த்துக்கொண்டேன். "தம்பி நான் கோவப்பட்டதால வரலையா?" என்று ஒருநாள் தூங்கப் போகும்போது கேட்டான். நான்கு வயதுக் குழந்தைக்கு இப்படித் தோன்றும் என்று நமக்குத் தோன்றாது. உன்னால் இல்லை, தம்பிக்கு மூச்சுப் பை இன்னும் வளரணும் என்று உண்மையையே சின்ன வார்த்தையில் சொன்னேன். அவன் வரைந்த படத்தை என் அக்கா இன்குபேட்டரில் ஒட்டி, போட்டோ எடுத்து அனுப்பினாள். மூத்த பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள்.

வீடு திரும்பிய ஓர் அம்மா

டிஸ்சார்ஜ் ஆனதும் எல்லாரும் "அப்பாடா" என்று விலகிப்போனார்கள். எனக்கு அப்போதுதான் ஆரம்பித்தது. வீட்டில் மானிட்டர் இல்லை. இரவெல்லாம் விளக்கைப் போட்டு மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். உள்ளே இருந்தபோது குப்புறப் படுக்க வைத்தார்கள், வீட்டில் மல்லாந்துதான் படுக்க வைக்க வேண்டும் என்றார்கள். காரணம் புரியாமல் தவித்தேன். அங்கே மானிட்டர் காவலுக்கு இருந்தது என்பதை யாரோ சொல்லித்தான் புரிந்தது.

பக்கத்துக் குழந்தைகளோடு ஒப்பிடும் பேச்சு வேறு. இரண்டு மாதம் முன்னால் பிறந்த குழந்தையின் ஆறாவது மாதத்தை நாலாவது மாதமாகத்தான் எண்ண வேண்டும், இரண்டு வயது வரை அப்படித்தான். கூட இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு நாலு பேருக்குச் சொன்னாலே அம்மாவுக்குப் பாரம் குறையும்.

உதவ நினைப்பவர்கள் ஒரு நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: கண் பரிசோதனை. குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரை ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளரலாம். முதல் பரிசோதனை பெரும்பாலும் பிறந்த நாலு வாரத்தையொட்டி வரும், பிறகும் டாக்டர் சொல்லும் வரை தொடர வேண்டும். நேரத்தில் கண்டால் லேசரில் பார்வையைக் காப்பாற்ற முடியும். களைத்துப்போன அம்மாவுக்குத் தேதி மறந்துபோகும், கூட்டிப்போக ஆள் வேண்டும்.

எனக்கு அழுகை நிற்காமல் போனபோது டாக்டர் ஒரு தாளைக் கொடுத்தார். எடின்பரோ அளவுகோலாம், பத்தே கேள்விகள். பதில் எழுதும்போதுதான் இது வெறும் களைப்பு இல்லை, மனச்சோர்வு என்று எனக்கே தெரிந்தது. சிகிச்சை எடுத்தேன், இப்போது நன்றாக இருக்கிறேன். அந்தக் கேள்விகளை அப்பாக்களிடமும் கேளுங்கள்.

தொடங்கி வைத்தவர்

எல்லாருக்கும் நன்றி. பெயர் சொல்லாமல் எழுதியவருக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன்.

எங்கள் குழு இதுவரை டிஸ்சார்ஜ் நாளோடு நிறுத்திக்கொண்டது. இனி வீட்டுக்குப் போன பிறகும், கண் பரிசோதனை முடியும் வரையாவது, ஒருவர் தொடர்பில் இருப்பார் என்று முடிவு செய்திருக்கிறோம். அந்த அப்பாவின் நண்பர் செய்ததை ஒரு பொறுப்பாகவே எழுதி, வரும் குடும்பங்களிடம் முதல் நாளே "உங்கள் வீட்டில் செய்தி சொல்ல யாரை வைக்கலாம்?" என்று கேட்கப் போகிறோம்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். இரட்டைக் குழந்தைகளில் ஒன்று வீட்டுக்கு வந்துவிட, இன்னொன்று உள்ளேயே இருக்கிற குடும்பம் ஒன்று இப்போது எங்களிடம் இருக்கிறது. அந்த அம்மா எங்கே இருந்தாலும் இன்னொரு இடத்தில் இல்லையே என்று துடிக்கிறார். இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால், ஒரு நாளின் நேரத்தை எப்படிப் பிரித்துக்கொண்டீர்கள், யார் எந்த வேலையை எடுத்துக்கொண்டார்கள் என்று விவரமாக எழுதுங்கள். அவரிடம் அப்படியே காட்டுகிறேன்.