டயருக்கு நைட்ரஜனா, சாதா காத்தா? மே மாச ஹைவே ஓட்டத்துக்கு எது சரி?

புதுஸ்டியரிங்:
சின்ன ஹேட்ச்பேக், டியூப்லெஸ் டயர். கதவோர ஸ்டிக்கர்ல டயர் காத்தழுத்தம் 33 பிஎஸ்ஐன்னு போட்டிருக்கு. மே மாசம் சென்னையிலிருந்து திருநெல்வேலி போகணும். நாலு பேர், லக்கேஜ் உண்டு. டயர் கடையில “நைட்ரஜன் அடிச்சுக்குங்க, வெயில்ல பிரஷர் ஏறாது, வெடிக்காது, மைலேஜும் கூடும்”னு சொல்றாங்க. டயருக்கு 50 ரூபாய். இது உண்மையா? வழியில நைட்ரஜன் கிடைக்கலன்னா சாதா காத்தைக் கலக்கலாமா? ஸ்டெப்னிக்கும் அடிக்கணுமா?

கேஜ்காரன்:
தாராளமா கலக்கலாம். நீங்க இப்ப ஓட்டுற டயர்லயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் இருக்கு, 21 சதவீதம் ஆக்சிஜன்.

“வெயில்ல பிரஷர் ஏறாது” என்பது சுத்தப் பொய். கணக்கைப் பாருங்க. கேஜ்ல 33 காட்டினா, வெளிக்காற்றோட அழுத்தம் 14.7 சேர்த்து உள்ளே இருப்பது 47.7. காலையில 30 டிகிரியில இருந்த டயர் ஓடி ஓடி 60 டிகிரிக்குப் போனா அது 52.4 ஆகும். அதாவது கேஜ்ல 37.7. உள்ளே நைட்ரஜன் இருந்தாலும் காத்து இருந்தாலும் இதே 4.7 தான் ஏறும். வாயுவுக்குப் பேர் மாறினா விதி மாறாது.

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்ததுன்னா, தண்ணியால. கம்ப்ரசர் டேங்க்ல தேங்குற தண்ணியை நாள்தோறும் திறந்து விடாத கடைகள்ல, காத்தோட சேர்ந்து தண்ணியும் டயருக்குள்ள போயிடும். 30 டிகிரியில நீராவியோட அழுத்தம் 0.6 பிஎஸ்ஐ, 60 டிகிரியில 2.9. அந்த வித்தியாசம் மேல சொன்ன 4.7க்கு மேல கூடுதலா ஏறும். நைட்ரஜன் மெஷின் காத்தை உலர்த்தித்தான் தரும், அதனால இந்தத் தொல்லை இல்ல. ஆனா டிரெய்ன் வால்வைத் தினமும் திறந்துவிடுற கடையில பிடிச்ச சாதா காத்துக்கும் அதே பலன் கிட்டத்தட்ட கிடைச்சுடும்.

பஞ்சர்பட்டறை:
சார் சொன்னது சரி. அடிக்கிற விதத்தைப் பத்தி நான் சொல்றேன், ஏன்னா 50 ரூபாய் வீணாப் போறது அங்கதான்.

28ல இருக்கிற டயர்ல மேலாப்புல நைட்ரஜன் விட்டு 33 ஆக்கினா, உள்ள நைட்ரஜன் 78லிருந்து 80க்குத்தான் வரும். மெஷின் 98 சதவீதம் சுத்தமாத் தந்தாலும் அவ்வளவுதான். நைட்ரஜன் அடிச்சதுக்கு அடையாளமா வால்வுல போடுற பச்சை மூடி மட்டும்தான் உங்களுக்கு மிச்சம்! கேஜ் ஜீரோ வர்ற வரைக்கும் காத்தை முழுசா இறக்கிட்டு அடிச்சா 92 வரும். அதையும் இறக்கிட்டு ரெண்டாவது தடவை அடிச்சாத்தான் 96. வேக்வம் வசதி உள்ள மெஷின்னா அதுவே உறிஞ்சி உறிஞ்சி அடிக்கும்.

இறக்கும்போது வண்டியை ஜாக்கியில தூக்கணும். வண்டி வெயிட் டயர் மேல இருக்கும்போதே வால்வு பின்னைக் கழட்டி ஜீரோவாக்கினா, டயர் ரிம்மை விட்டு நழுவும். அப்புறம் அதை உட்கார வைக்க வேகமா காத்து அடிக்கணும், அதுக்குச் சாதா காத்துதான் வரும். நாலு டயரையும் தூக்கி ரெண்டு தடவை அடிக்கணும்னா அரை மணி நேரமாவது ஆகும். அஞ்சு நிமிஷத்துல “முடிஞ்சுது சார்”னு சொன்னா என்ன நடந்திருக்கும்னு நீங்களே புரிஞ்சுக்கலாம். மெஷின்ல சுத்தம் எத்தனை சதவீதம்னு காட்டுற மீட்டர் இருக்கான்னும் பாருங்க. ஃபில்டர் மாத்தாத மெஷின் வெறும் காத்தைத்தான் கக்கும்.

கணக்குப்புலி:
நைட்ரஜனுக்கு ஒரு உண்மையான ஆதாயம் உண்டு. ரப்பர் வழியா ஆக்சிஜன் கசியுற வேகத்துக்கு அது கசியாது. பொருள்களைச் சோதிச்சு எழுதுற அமெரிக்காவின் கன்சூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு 31 மாடல் டயர்களை 30 பிஎஸ்ஐ அடிச்சு ஒரு வருஷம் வெளியில வச்சுப் பார்த்தது. காத்து அடிச்சது சராசரியா 3.5 பிஎஸ்ஐ இறங்கியிருந்தது, நைட்ரஜன் அடிச்சது 2.2. வருஷத்துக்கு 1.3 வித்தியாசம்.

இதை மைலேஜுக்கு மாத்திப் பாருங்க. நாலு டயர்லயும் 1 பிஎஸ்ஐ குறைஞ்சா மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும்னு அமெரிக்க எரிசக்தித் துறையோட தளம் சொல்லுது. வித்தியாசம் பூஜ்யத்துல தொடங்கி வருஷக் கடைசியிலதான் 1.3 ஆகுது, அதனால வருஷத்துல சராசரி வித்தியாசம் 0.65 தான், அதாவது 0.13 சதவீதம். வருஷம் 10,000 கிமீ, லிட்டருக்கு 15 கிமீன்னா 667 லிட்டர் பெட்ரோல். மிச்சம் ஒரு லிட்டர்கூடத் தேறாது. அதுவும் வருஷம் முழுக்க கேஜையே தொடாதவருக்குத்தான்! மாசம் ஒரு தடவை பங்க்ல காத்து பிடிக்கிறவருக்கு மிச்சம் பூஜ்யம். பங்க்ல அது இலவசம் வேற.

ஓடுபாதை:
விமானத்துக்கு நைட்ரஜன்தானே அடிக்கிறாங்கன்னு அடுத்து யாராவது கேட்பீர்கள். அங்கே காரணம் வேறு. 1986 மார்ச் 31 அன்று மெக்சிகானா நிறுவனத்தின் போயிங் 727 ஒன்றில், பிரேக் சூடேறிச் சக்கரம் வானிலேயே வெடித்து 167 பேர் இறந்தார்கள். அந்த டயரில் இருந்தது சாதாரணக் காற்று. கடும் சூட்டில் ரப்பரிலிருந்து கிளம்பும் ஆவி, உள்ளேயிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து தீப்பற்றும். அதனால்தான் பெரிய விமானங்களின் பிரேக் உள்ள சக்கரங்களில் ஆக்சிஜன் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க விதி சொல்கிறது. உங்கள் கார் டயர் அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில்கூடப் போகாது.

புதுஸ்டியரிங்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். அப்போ வெயில்ல ஹைவேல டயர் வெடிக்கிறது எதனால? கிளம்புறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்?

கேஜ்காரன்:
பெரும்பாலும் காத்து குறைவா இருக்கிறதால. 33 இருக்க வேண்டிய டயர்ல 25 இருந்தா, ஒவ்வொரு சுத்துக்கும் பக்கச்சுவர் அதிகமா மடங்கி நிமிரும். அதுல பிறக்கிற சூடுதான் டயரைக் கிழிக்குது. லக்கேஜும் வேகமும் சேர்ந்தா கேட்கவே வேணாம்.

கிளம்புற அன்னைக்குக் காலையில, வண்டி ஓடாம இருக்கும்போதே பிரஷர் பாருங்க. முழு லோடுக்குத் தனி அளவு ஸ்டிக்கர்ல இருந்தா அதை வையுங்க. மத்தியானம் விழுப்புரம் தாண்டி நிறுத்துறப்போ கேஜ் 37, 38 காட்டும். பயந்துபோய் காத்தை இறக்காதீங்க! அது சூட்டுல ஏறினது. அங்க 33க்கு இறக்கினா, டயர் ஆறினதும் 29க்கு வந்து நிக்கும்.

டயர் பக்கச்சுவர்ல எப்போ செஞ்சதுன்னு காட்டுற நாலு இலக்க எண்ணைப் பாருங்க. 2319னா 2019ம் வருஷம் 23வது வாரம் செஞ்சது. வெடிப்பு, வீக்கம் இருந்தா மாத்திடுங்க, நைட்ரஜன் அதைக் காப்பாத்தாது.

பஞ்சர்பட்டறை:
ஒரே டயர்ல மட்டும் வாரத்துக்கு 3, 4 பிஎஸ்ஐ இறங்குனா அது ரப்பர் வழியா கசியுறது இல்ல. சோப்புத் தண்ணியை வால்வு நுனியிலயும், வால்வு ரிம்ல நுழையுற இடத்திலயும், ரிம் ஓரம் சுத்தியும் தடவுங்க. குமிழி வர்ற இடம்தான் ஓட்டை. வால்வு ரப்பரை விரலால வளைச்சுப் பாருங்க, அடியில வெடிப்பு தெரிஞ்சா புது வால்வு போடுங்க. டயருக்கு 50 ரூபாய் தர்றதா இருந்தா அதுக்குத் தாங்க.

ஸ்டெப்னிக்குச் சாதா காத்தே போதும். அதுல 3 பிஎஸ்ஐ கூடுதலா வச்சுடுங்க, மாசக்கணக்குல யாரும் திறந்து பார்க்கிறதில்ல.