நண்பர் வீட்டு நினைவுச் சிலை: வன்னியில் இந்த வேலை செய்பவர்களின் அனுபவப் பகிர்வு

சீமெந்துச் சிலை வேலை, கிளிநொச்சி

தெரிந்தவர் வீட்டுச் சிலைதான் கூடுதலாகப் பழுதாகிறது. காரணம் அவசரம். நண்பர் கண் கலங்கி "ஆண்டுத் திவசத்துக்கு முதல் வச்சிட வேணும்" என்று கேட்டால் மறுக்க வாய் வராது. ஆனால் நாள் கணக்கை முதலே சொல்லிவிடுவதுதான் அவருக்குச் செய்யும் பெரிய உதவி. மார்பளவுச் சிலைக்குக் களிமண் உரு இரண்டு கிழமை, அச்சும் வார்ப்பும் ஒரு கிழமை, ஈரச்சாக்கு போர்த்தி வைக்க குறைந்தது 7 நாள், பெயின்ற் அடிக்க முதல் வார்த்த நாளிலிருந்து 28 நாள். இரண்டு மாதம் ஓடிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் போனால் இன்னும் இழுபடும். செத்தவீட்டு எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவுக்குள் இந்தக் கதையை எடுக்கவே வேண்டாம். முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி முடியட்டும்.

நடுத்தண்டுக்கு 12 மி.மீ. கம்பி, தோளுக்குக் குறுக்கே 6 மி.மீ., அதன்மேல் கோழிக்கூட்டு வலை. முகப்பூச்சு 1 சீமெந்துக்கு 2 அரித்த மணல், உள்ளுக்கு 1க்கு 3. கம்பிக்கு மேல் ஒரு அங்குலம் சாந்து கட்டாயம் நிற்க வேணும். முல்லைத்தீவுக் கரைப்பக்கம் என்றால் ஒன்றரை. மூக்குக்கும் காது மடலுக்கும் இரும்பு வைக்கக் கூடாது. கறள் பிடித்த இரும்பு பருத்து, முதலில் வெடிக்கப் பண்ணுவது அந்த மெல்லிய இடங்களைத்தான். மணலில் உப்பு இருந்தால் கறள் இன்னும் கெதியாக வரும், உவர்க் கிணற்றுத் தண்ணீரும் அப்படித்தான்.

அவசரத்தில் சாக்கை நாலாம் நாளே எடுத்து வெயிலில் வைத்தால் கழுத்தைச் சுற்றி மயிர்வெடிப்பு விழும். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் இது மோசம். 28 நாள் ஆகாத பச்சைச் சீமெந்தில் எனாமல் அடித்தால், உள்ளிருக்கும் சுண்ணாம்பு எண்ணெயோடு சேர்ந்து சவர்க்காரம்போலாகி பெயின்ற் தோலுரியும். ஆசையாய் வைத்த முகம் ஆறு மாதத்தில் உரிவதைப் பார்க்கிற தாயின் மனம் என்ன பாடுபடும் என்று யோசித்தால் அந்த 28 நாளைக் குறைக்க மனம் வராது.

களிமண் உரு, அச்சு. முல்லைத்தீவு

முதல் தடை படம். 2009இல் இடம்பெயர்ந்த பல வீடுகளில் மிஞ்சியது அடையாள அட்டைப் படம், இல்லாவிட்டால் கலியாண வீட்டுப் படத்தில் கூட்டத்துக்குள் ஒரு சின்ன முகம். முன்பக்கப் படத்தில் மூக்கின் எடுப்போ நாடியின் தள்ளலோ தெரியாது. கூடப்பிறந்தவரையோ மகனையோ பக்கவாட்டில் இருத்திப் பார்க்க வேணும். பெரியவர்களின் இரண்டு கருமணிக்கு இடைத்தூரம் 6 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூட. படத்தில் அதை அளந்து மற்ற அளவுகளுக்கு வரலாம். கிட்டப் பிடித்து எடுத்த செல்பியில் மூக்கு பருத்து, காது பின்னுக்குப் போயிருக்கும். சிலதில் இடம் வலமும் மாறியிருக்கும், சட்டைப் பொத்தான் பக்கத்தைப் பார்த்தால் பிடிபடும். கவனிக்காவிட்டால் தலை வகிடு மறுபக்கம் போய், வீட்டார் "ஏதோ வித்தியாசம்" என்பார்கள், என்னவென்று சொல்லத் தெரியாது.

"ஆள் எப்படி இருப்பார்?" என்று கேட்டால் அழுகைதான் வரும், தகவல் வராது. சின்னச் சின்னதாகக் கேளுங்கள்: "மீசையை எப்பிடி வெட்டுவார்? சிரிச்சா எந்தக் கன்னம் குழியும்? கண்ணாடி போடுறவரோ?" நண்பர் பதில் சொல்லத் தொடங்கியதும் கொஞ்சம் இலேசாவார், எங்களுக்கும் வேண்டியது கிடைக்கும்.

உருவைக் காட்ட ஒரு முறை உண்டு. கண் முடிக்காமல் காட்டாதீர்கள், குழிவிழுந்த முகத்தைப் பார்த்து வீட்டார் உடைந்துபோவார்கள். சிலையை அவர்களின் கண் மட்டத்துக்கு உயர்த்தி, மேல் பக்கவாட்டு வெளிச்சத்தில் வையுங்கள். திருத்தம் சொல்ல ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள வேணும். மச்சான், பெரியப்பா என்று ஆளாளுக்கு மூக்கைத் திருத்தினால் யாருடையதும் இல்லாத முகம் வரும்.

அச்செடுக்கும் நாளுக்கும், வார்த்தபிறகு அச்சை உடைத்துச் சிலையை எடுக்கும் நாளுக்கும் நண்பரைக் கூப்பிட வேண்டாம். தலையை இரண்டாய்ப் பிரிக்கும் வேலை அது. அச்சுக்குப் போடும் பிளாஸ்டர் ஒஃப் பாரிஸின் முதல் பூச்சில் உடுப்புக்குப் போடும் நீலம் கொஞ்சம் கலக்க வேணும். உடைத்துக்கொண்டு போகையில் நீலம் தெரிந்தால் முகம் கால் அங்குலத்துக்குள் வந்துவிட்டது. அங்கிருந்து சின்ன உளியும் மெல்லிய தட்டும்தான்.

கல்லில் எழுத்து, வவுனியா

கறுப்புக் கருங்கல்லில் மணல் பீச்சி எழுத்து வெட்டும்போது ஒட்டியிருக்கும் ரப்பர் தாளில் ண, ழ, ஞ ஆகியவற்றின் உட்சுழி கழன்று பறக்கும். புள்ளி தூர்ந்துபோகும். எழுத்து உயரம் 20 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பாமினி என்ற பழைய கணினி எழுத்துருவில் அடித்ததை யுனிகோட்டுக்கு மாற்றினால் ஸ்ரீயும் கொம்புகளும் இடம் மாறலாம். பெயரைப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தோடு ஒப்பிட்டு, காகிதத்தில் முழு அளவில் எடுத்து, வீட்டார் ஒருவர் சத்தமாக வாசித்துக் கையெழுத்து வைத்தபிறகே வெட்டுங்கள். திதியையும் பஞ்சாங்கத்தில் பாருங்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவருக்கு ஏதாவது செய்யச் சொல்லி நண்பர் வந்தால், "மறைவு" என்ற வரியை நாங்களாகப் போடக் கூடாது. 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் அமர்ந்து போராடிய தாய்மார் கேட்பது பிள்ளைகள் எங்கே என்பதைத்தான். பெயரும் பிறந்த திகதியும் போதும். கீழே இடம் விடுவதா என்பதை அவரே சொல்லட்டும். வீட்டுக்குள் ஒருவர் கல் வேண்டும் என்றும் இன்னொருவர் வேண்டாம் என்றும் நின்றால் வேலையைத் தொடங்காமல் பொறுத்திருப்பதுதான் சரி.

கல்லறை வேலை, மாந்தைப் பக்கம்

பணம் பற்றி ஒன்று. நண்பரிடம் "காசு வேண்டாம்" என்று சொல்லி எடுத்த வேலை கடைசிக்குப் போய்விடும். கத்தோலிக்கர் இறந்தோரை நினைக்கும் நவம்பர் 2க்கு சேமக்காலை (கல்லறைத் தோட்டம்) வேலைகளும், மாவீரர் நாளான நவம்பர் 27க்கு மற்ற வேலைகளும் குவியும்போது, காசு தந்தவர்கள் வாசலில் நிற்பார்கள். நண்பர் கேட்கக் கூச்சப்பட்டு இருப்பார். பொருட் செலவை முழுதாக வாங்குங்கள், கூலியில் விரும்பியதை விடுங்கள். எவ்வளவு விட்டது என்று ஊருக்குள் கதைக்காதீர்கள். அளவு, நாள், பீடம் யார் பொறுப்பு, வெடித்தால் திருத்துவது எத்தனை வருடத்துக்கு என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் வைத்திருங்கள். பீடத்தை உள்ளூர் மேசன் கட்டுவதென்றால், நடுத்தண்டு இறங்க வேண்டிய குழியின் அளவையும் அதே தாளில் குறித்துக் கொடுங்கள். அதில்தான் கடைசி நாளில் சண்டை வருகிறது.