ஜப்பானின் ஹிமேஜி கோட்டை ஏறியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்களேன்

நானே தொடங்கி வைக்கிறேன். ஒசாகாவுக்கு வேலையாகப் போனபோது ஒரு ஞாயிறு சும்மா கிடைத்தது, ரயிலேறிவிட்டேன். ஹிமேஜி ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் நேர் சாலை. அதன் கோடியில் வெள்ளை வெளேரென்று கோட்டை. 'வெண்கொக்கு' என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

வாசலைத் தாண்டியபின்தான் வேடிக்கை. கோபுரம் இதோ என்று தெரிகிறது, பாதை மட்டும் வேறெங்கோ திரும்புகிறது. ஓரிடத்தில் கீழே வேறு இறங்குகிறது. எதிரியை அலைக்கழிக்கச் செய்த ஏற்பாடு. நுழைவுச்சீட்டு வாங்கியவனுக்கும் அதே மரியாதைதான். மதிலில் வட்டம், முக்கோணம், சதுரமாகத் துளைகள் துப்பாக்கிக்கு. நெட்டையாக இருப்பவை அம்புக்கு. குனிந்து ஒன்றில் கண்ணை வைத்தேன். சற்றுமுன் நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற இடம் அப்படியே தெரிந்தது!

இப்போதுள்ள கோபுரத்தை 1609-ல் கட்டி முடித்தவர் இக்கேடா தெருமாசா, அன்று ஜப்பானையே ஆட்டிவைத்த தொக்குகாவா இயேயாசுவின் மருமகன். இத்தனை தந்திரமும் செய்து வைத்தார், பெரிய போர் எதுவும் இங்கே வரவேயில்லை.

உள்ளே செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கையோடு தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். படிகள் ஏணி மாதிரி. வெளியிலிருந்து எண்ணினால் ஐந்து அடுக்கு. உள்ளே ஆறு மாடி, அதற்குக் கீழே ஒரு நிலவறை. அந்த அடித்தளத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெருந்தூண்கள், ஒவ்வொன்றும் சுமார் 25 மீட்டர், மொத்தக் கட்டடத்தையும் தாங்குகின்றன. 1956-64 பழுதுபார்ப்பில் மேற்குத் தூணை மாற்றினார்கள். அதற்கென்று வெட்டிய மரம் வரும் வழியிலேயே ஒடிந்துவிட, இரண்டு மரங்களை இணைத்து நிறுத்தினார்களாம். மூன்றாம் மாடியில் அந்த மூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றதில், உச்சியில் காட்சி எப்படி இருந்தது என்பதே மறந்துபோச்சு.

பதில்:
நான் போனது 2012-ல். பழுதுபார்ப்புக்காகக் கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டி முழுக்க மூடியிருந்தார்கள். 'அடடா, காசு போச்சே' என்று நினைத்தேன். ஆனால் சாரத்துக்குள்ளேயே லிஃப்ட் வைத்து மேலே அழைத்துப்போனார்கள், கூரை கண்ணுக்கு நேரே! ஓடு சாம்பல் நிறம்தான். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே சுண்ணாம்புச் சாந்தை வரிவரியாகப் பூசியிருந்தார்கள். தூரத்திலிருந்து கூரையும் வெள்ளையாகத் தெரிவது அதனால்தான். சாந்தில் கடற்பாசிப் பசையும் சணல் நாரும் சேர்ப்பார்களாம். அழகுக்கு மட்டுமல்ல, மரக் கட்டடத்துக்கு நெருப்பிலிருந்து காப்பும் அதுதான். 2015-ல் திறந்த பிறகு போனவர்களுக்கு இந்தக் காட்சி கிடைத்திருக்காது, பாவம்.

பதில்:
மதிலில் கம்பிவலை போட்ட ஒரு கல்லைப் பார்த்தீர்களா? தெருமாசாவுக்கு முன்பே இங்கே ஹிதேயோஷி என்ற தளபதி கோட்டை கட்டியபோது கல் போதவில்லையென்று ஒரு கிழவி தன் திருகைக் கல்லையே கொடுத்தாளாம். கதைதான், ஆனாலும் அதைத் தேடி அரைமணி நேரம் சுற்றினேன். 1945 ஜூலையில் ஊரே குண்டுவீச்சில் எரிந்தபோது கோபுரத்தின் உச்சி மாடியில் விழுந்த குண்டு வெடிக்கவில்லை. இது கதையில்லை.

அப்புறம், ஜனவரியில் போகிறவர்கள் தடித்த காலுறை எடுத்துப்போங்கள். அந்த மரத்தரை பனிக்கட்டி.