ஷார்ப்பனிங் (படத்தைக் கூர்மையாக்குதல்): முதலில் எந்த டூலைப் பழகுவது?

கேள்வி:
24 மெகாபிக்சல் கேமரா, 18-55 கிட் லென்ஸ். ரா (கேமரா பதப்படுத்தாத கோப்பு), ஜேபெக் இரண்டும் எடுக்கிறேன். கணினியில் கிம்ப் 2.10, ராதெரபி என்ற இலவச மென்பொருள்கள் இருக்கு. காசு கொடுத்து வாங்குவது இப்போதைக்கு இல்லை. அன்ஷார்ப் மாஸ்க், ஹை பாஸ், கேப்சர் ஷார்ப்பனிங் என்று ஏகப்பட்ட பெயர்கள். எதில் தொடங்கலாம்? கிம்பில் அன்ஷார்ப் மாஸ்க்கைக் கூட்டினால் மரக்கிளையைச் சுற்றி வெள்ளைக் கோடு விழுது, வானம் மணல் தூவின மாதிரி ஆகுது.

பதில் 1:
அன்ஷார்ப் மாஸ்க்கையே பழகுங்க. மங்கலாக்கிய நகல் ஒன்றை எடுத்து, அசலுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை அசலோடு கூட்டுகிறது, அவ்வளவுதான். அதனால் விளிம்பின் வெளிச்சப் பக்கம் இன்னும் வெளுக்கும், இருட்டுப் பக்கம் இன்னும் கறுக்கும். அந்தப் பட்டை எவ்வளவு அகலம் என்பது ரேடியஸ், எவ்வளவு அழுத்தம் என்பது அமவுண்ட், எவ்வளவு சின்ன வித்தியாசத்தை விட்டுவிடுவது என்பது த்ரெஷோல்ட்.

உங்கள் வெள்ளைக் கோட்டுக்குக் காரணம் ரேடியஸ். கிம்ப் அதை 3-இல் வைத்துத் திறக்கும். இலை, முடி போன்ற நுண்விவரத்துக்கு அது ரொம்ப அகலம். 0.8 முதல் 1.2-க்குள் வைத்துவிட்டு அமவுண்ட்டைக் கூட்டிப் பாருங்க. வானத்து மணலுக்குக் காரணம் த்ரெஷோல்ட் பூஜ்யத்தில் இருப்பது: நாய்ஸையும் (படத்தில் விழும் புள்ளிக் குருணை) விவரம் என்றே எடுத்துக்கொள்கிறது. வானம் அடங்கும் வரை துளித்துளியாக ஏற்றுங்க. நாய்ஸ் குறைப்பதை எப்போதும் ஷார்ப்பனிங்குக்கு முன்னாடியே முடிச்சிடணும்.

நேரடியாகப் படத்தில் போடாதீங்க. லேயரை (படத்தின் அடுக்கை) நகலெடுத்து அதில் போட்டு, லேயர் மோடை லூமினன்ஸ் (வெளிச்சம் மட்டும்) ஆக்கினால் விளிம்பில் நிறக்கசிவு வராது. அந்த லேயருக்குக் கறுப்பு மாஸ்க் (அதை மறைக்கும் திரை) சேர்த்து, கூர்மை வேண்டிய இடத்தில் மட்டும் வெள்ளைத் தூரிகையால் தடவுங்க. வானத்தைத் தொடவே வேண்டாம். 100% ஜூமில் பார்த்துத்தான் அளவை முடிவு செய்யணும். கிம்பில் 1 என்ற விசையைத் தட்டினால் போதும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் ரா இருக்கும்போது முதல் படி ராதெரபியில்தான். 5.8 பதிப்பிலிருந்து ரா டேபில் கேப்சர் ஷார்ப்பனிங் இருக்கிறது. லென்ஸும் சென்சாரும் டீமொசைக்கிங்கும் (சென்சார் தகவலிலிருந்து முழு நிறத்தைக் கணக்கிடும் படி) சேர்ந்து உண்டாக்கும் மென்மையை டீகான்வல்யூஷன் கணக்கால் திருப்புகிறது. ரேடியஸை அதுவே கணித்துக்கொள்ளும். டிக் செய்துவிட்டு நகருங்க.

கடைசி படி, படத்தைச் சிறிதாக்கிய பிறகு. 6000 பிக்சல் அகலத்தை 2048 ஆக்கினால் கூர்மை கொஞ்சம் கரையும். அப்போது ரேடியஸ் 0.3 முதல் 0.5, அமவுண்ட்டும் குறைவாக. முழு அளவில் கடைசி ஷார்ப்பனிங்கைப் போட்டு அதன்பின் சிறிதாக்கினால் பாதி வேலை வீண். பிரிண்டுக்கு என்றால் திரையில் துளி அதிகமாகத் தெரியும்படி விடலாம், தாளில் மை பரவும். மேட் தாளில் இன்னும் கூடுதலாகவே பரவும்.

பதில் 3:
ஹை பாஸை (விளிம்புகளை மட்டும் பிரித்தெடுக்கும் ஃபில்டர்) இப்போதைக்குத் தள்ளி வையுங்க. ஓவர்லே மோடில் போட்டால் அழகாகத்தான் தெரியும், ஆனால் அதில் த்ரெஷோல்ட் கிடையாது. உங்கள் வானம் இன்னும் மோசமாகும்.

கை ஆட்டத்தில் கலைந்த படத்தை இந்த டூல்கள் எதுவும் முழுசாக மீட்காது. விளக்குப் புள்ளி கோடாக இழுபட்டிருந்தால் அது ஆட்டம். ஏபிஎஸ்-சி சென்சாரில் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறியது) 55 மிமீ-க்கு ஷட்டர் 1/80 நொடி அல்லது அதைவிட வேகமாக வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. ஜேபெக் மட்டும் இருக்கிற பழைய படங்களுக்கும் இதே அளவா?

பதில் 1:
இல்லைங்க. கேமராவே ஒருமுறை ஷார்ப் செய்துதான் ஜேபெக்கைத் தருது. அமவுண்ட்டைப் பாதியாக்குங்க. ஜேபெக் 8×8 பிக்சல் கட்டமாகச் சுருக்குவதால், கூட்டினால் சுவர், வானம் போன்ற சமதளங்களில் அந்தக் கட்டங்களே தெரிய ஆரம்பிக்கும். அது கண்ணில் பட்ட இடத்தில் நிறுத்திவிட்டு ஒரு படி பின்னால் வாங்க.