ஒரு ஏக்கரில் கெர்கின் வெள்ளரி போடலாமா?

வேடசந்தூர் விவசாயி:
வணக்கம். ஒரு ஏக்கர் செம்மண், கிணற்றுப் பாசனம், சொட்டுநீர் போட்டிருக்கிறேன். இதுவரை தக்காளியும் மிளகாயும்தான். ஒரு கம்பெனி ஆள் வந்து கெர்கின், அதாவது ஊறுகாய்க்குப் போகிற குட்டி வெள்ளரி, போடச் சொல்கிறார். விதை, உரம், மருந்து எல்லாம் கடனாகத் தருவார்களாம், பில்லில் கழித்துக்கொள்வார்களாம். விலையும் முன்கூட்டியே பேசிவிடலாம் என்கிறார். தக்காளியில் வாங்கிய அடிக்கு இது தேவலை போலத் தெரிகிறது. வீட்டில் நானும் மனைவியும்தான். போட்டவர்கள் சொல்லுங்கள்.

அரவக்குறிச்சி அக்கா:
தம்பி, விலையை அப்புறம் பார்ப்போம். பறிக்க ஆள் இருக்கிறதா? இரண்டு பேரை வைத்துக்கொண்டு ஒரு ஏக்கர் இழுக்க முடியாது. அரை ஏக்கருக்குள் நிறுத்துங்கள்.

விதைத்து ஐந்து வாரத்தில் காய் வரும். அன்றிலிருந்து கொடி ஓயும் வரை தினமும் பறிப்பு. கல்யாணம், இழவு எதற்கும் லீவு கிடையாது. இதில் காய் சிறுத்தால்தான் விலை. கிலோவுக்கு 160 காய்க்கு மேல் நிற்கிற பொடிக்காய்க்கு உச்ச விலை. எண்ணிக்கை 100, 60 என்று இறங்க இறங்க விலையும் இறங்கும். இலைக்கு அடியில் ஒன்று கண்ணில் படாமல் தப்பினால் மறுநாள் பெருத்துவிடும். எடை ஏறும், காசு இறங்கும். ரொம்பப் பெருத்ததை மாட்டுக்குத்தான் போட வேண்டும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இதை ஏன் என்று கேட்க நாதி இல்லை. உப்புநீரிலோ வினிகரிலோ ஊறி வெளிநாடு போகிற சரக்கு இது.

கொடியில் சுணை வேறு. வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டுதான் நான் இறங்குவேன்.

களப்பணியில் இருப்பவன்:
அக்கா சொன்னது சரி. மருந்து பற்றி ஒன்று. தக்காளிக்கு வாங்கி மிச்சம் கிடக்கும் குளோர்பைரிபாஸைத் தொடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2020-ல் அதைத் தடை செய்துவிட்டது. காயில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் தாண்டினாலே சரக்கு நின்றுவிடும். பக்கத்துக் காட்டில் காற்றுவாட்டத்தில் அடித்தாலும் உங்கள் காயில் வந்து ஏறும், அவரிடம் முன்பே பேசிவையுங்கள். பழ ஈக்கு இனக்கவர்ச்சிப் பொறி கட்டினால் மருந்துச் செலவு குறையும். எந்த மருந்தை எந்தத் தேதியில் அடித்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள், கேட்பார்கள்.

வேடசந்தூர் விவசாயி:
நன்றி. காயை எடுக்காமல் கைவிரித்தால் என்ன செய்வது அக்கா?

அரவக்குறிச்சி அக்கா:
வாய்ப்பேச்சில் விதை வாங்காதீர்கள். 2019-ல் தமிழ்நாட்டில் ஒப்பந்தப் பண்ணையச் சட்டமே வந்துவிட்டது. விலை, தரம், பணம் தரும் நாள் எல்லாம் தமிழில் எழுதி, நகல் உங்கள் கையில் இருக்கட்டும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்வார்களா என்றும் கேளுங்கள். கொள்முதல் இடத்திலேயே, கண்முன்னால் தரம் பிரித்து, ரகவாரியாக எடைச்சீட்டு வாங்கிவிடுங்கள். ஃபேக்டரியில் கழிவு போனது என்று எனக்கு ஒருமுறை பில்லைக் குறைத்தார்கள். சீட்டு இருந்ததால் சண்டை போட்டு வாங்கினேன்.

ஐப்பசி அடைமழையில் மட்டும் விதைத்துவிடாதீர்கள். அடிச்சாம்பல் நோய் வந்தால் கொடி ஒரு வாரம் தாங்காது.