டேப்பர்ல எனம் ஃபீல்டுக்கு டைப்ஹேண்ட்லர் ஓடலை, உதவுங்க

வணக்கம் மக்களே. காசிமேட்டுல படகுகளுக்கு ஐஸ் போடுற எங்க சித்தப்பாவுக்காக கடன் கணக்கு சாஃப்ட்வேர் எழுதிட்டிருக்கேன். சி ஷார்ப்ல எழுதுறேன், டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ், அதுல இருந்து வர்ற வரிகளை கிளாஸ்ல நிரப்பித் தர்ற லைப்ரரி டேப்பர்.

டேபிள்ல 'போட்_நோ', 'ஐஸ்_பார்'. கிளாஸ்ல 'போட்நோ', 'ஐஸ்பார்'. பேர் பொருந்தலைன்னா டேப்பர் எரரே காட்டாது. படகு நம்பர் நல் (null, அதாவது காலி), ஐஸ் பார் 0னு வந்து நிக்கும். கடன் கணக்குல இப்படி ஒரு 0 எவ்வளவு ஆபத்துன்னு யோசிச்சுப் பாருங்க! டேப்பரோட 'மேட்ச்நேம்ஸ்வித்அண்டர்ஸ்கோர்ஸ்' செட்டிங்கை ட்ரூ ஆக்கினதும் அது சரியாயிடுச்சு.

இப்ப சிக்கல் படகு வகைலதான். டெக்ஸ்ட் காலம்ல விசைப்படகுக்கு 'வி', ஃபைபர் போட்டுக்கு 'ஃபை'. கிளாஸ்ல அது எனம் (enum, பேர் வச்ச சில மதிப்புகளோட பட்டியல்). காலம் மதிப்பை கிளாஸுக்கு ஏத்த மாதிரி மாத்துற டைப்ஹேண்ட்லர் எழுதி ரிஜிஸ்டர் பண்ணியும், அதுக்குள்ள வச்ச பிரேக்பாயின்ட்ல நிக்கவே இல்லை. டேப்பர் நேரா அந்த எழுத்தையே எனம் பேரா பார்ஸ் பண்ணப் பார்த்து, 'எரர் பார்ஸிங் காலம்'னு நின்னுடுது. பில் பிரின்ட் ஆகுற பழைய புரோகிராமும் இதே டேபிளைப் படிக்குது, அதனால டேபிள்ல இருக்குற 'வி', 'ஃபை' குறியீட்டை மாத்த முடியாது.

ஸ்ட்ரிங்காவே வாங்கி பிராப்பர்ட்டிக்குள்ள மாத்துறதா, குவெரிலயே கேஸ் (CASE) போட்டு மாத்துறதா, எனமை விட்டுட்டு ஸ்ட்ரக்ட் எழுதி அதுக்கு ஹேண்ட்லர் வைக்கிறதா? நிஜ புராஜெக்ட்ல இதைச் செஞ்சவங்க சொல்லுங்க. ஜூன் 14ஓட மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சு படகெல்லாம் கிளம்பிடும், அதுக்குள்ள முடிக்கணும்.