ஒரே முகட்டுக்கு மூன்று பெயர்: எதைப் பதிவது?

குன்றேறி:
ஒரு மலைத்தொடரின் முகடுகள், தனிப்பாறைகள், சுனைகளை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் (யாரும் சேர்க்கவும் திருத்தவும் கூடிய இணைய வரைபடம்) பதிந்து வருகிறேன். ஒரு முகட்டுக்குக் கிழக்கே ஆடு மேய்ப்பவர்கள் ஒரு பெயர் சொல்கிறார்கள், மேற்கு அடிவாரத்தில் வேறு பெயர். பழைய நில அளவைப் படத்தில் மூன்றாவது பெயர். எதை வைப்பது? போன் காட்டும் உயரமும் படத்தோடு ஒத்துப்போகவில்லை.

பாறைவழி:
எதையும் கழிக்காதீர்கள். ஆனால் முதலில் ஒன்றைப் பாருங்கள்: அவர்கள் எல்லோரும் ஒரே இடத்தைத்தான் சொல்கிறார்களா? "இந்த மலைக்கு என்ன பெயர்" என்று கேட்டால் கண்ணுக்குத் தெரிகிற பகுதியின் பெயர்தான் வரும். கிழக்கிலிருந்து தெரிவது செங்குத்துப் பாறையாக இருக்கும், மேற்கிலிருந்து உச்சி. சொல்பவர் பக்கத்தில் நின்று கையால் காட்டச் சொல்லுங்கள். படம் எடுத்து, நின்ற இடத்தையும் திசைகாட்டியின் பாகையையும் குறித்துக்கொள்ளுங்கள். பெயரைக் காதில் விழுந்தபடி எழுதுங்கள், 'திருத்தி' எழுத வேண்டாம்.

நிஜமாகவே ஒரே முகடு என்றால், சுற்றிலும் அதிகம் வழங்கும் பெயர் முதன்மைக்கு. மற்றது மாற்றுப்பெயருக்கு, வழக்கொழிந்தது பழைய பெயருக்கு. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் இவற்றுக்குத் தனித்தனிப் புலங்கள் (நிரப்பும் கட்டங்கள்) இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் உலுரு என்ற பெரும்பாறைக்கு 1873-இல் ஏயர்ஸ் ராக் என்று பெயரிட்டார்கள். அங்குள்ள மக்களின் பெயர் 1993-இல்தான் அதிகாரப்பூர்வப் பெயரில் இடம்பெற்றது, 2002-இல் முன்னுக்கு வந்தது. வாய்மொழிப் பெயரை விட்டுவிட்டால் திரும்பக் கொண்டுவர இவ்வளவு காலம் ஆகும்.

உயரமானி:
உயரம் பற்றி மட்டும். ஜிபிஎஸ் கணக்கிடுவது பூமிக்கு ஒப்பான ஒரு நீள்கோள வடிவத்திலிருந்து. படத்தில் இருப்பது கடல் மட்டத்திலிருந்து. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறும், இலங்கைக்குத் தெற்கே 100 மீட்டரைத் தாண்டும். சில செயலிகள் இதைத் திருத்திக் காட்டும், சில காட்டாது. உங்களுடையது எந்த வகை என்று தெரியும்வரை உயரத்தைக் காலியாக விடுங்கள்.

குன்றேறி:
நன்றி. மறுபடி போய்க் கேட்டேன். கிழக்குப் பெயர் உச்சிக்கு இல்லை, அதன் கீழே துருத்தி நிற்கும் பாறைக்கு! அப்புறம், பாறைக்கு அடியில் ஒரு குகை. அதையும் பதியலாமா?

பாறைவழி:
பாறையைத் தனிப் புள்ளியாக வையுங்கள். குகை வழிபாட்டு இடமா, அதில் வௌவால்கள் தங்குகின்றனவா என்று முதலில் விசாரியுங்கள். அங்குள்ளவர்கள் வேண்டாம் என்றால், சரி, உங்கள் குறிப்பேட்டோடு நிற்கட்டும்.